ஆண் கடல் ஓரம் 55 சென்ட்: வில்லா கட்டலாமா?

கீழக்கரையைச் சொந்த ஊராகக் கொண்ட வாசகர் ஒருவர் துபாயிலிருந்து எழுதியிருக்கிறார். பெயரும் மனை இருக்கும் ஊரும் வெளியே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டேன். கடிதத்தின் சுருக்கம் இதுதான்.

22 வருட வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில், கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் நடுவே, மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது ஆண் கடல் ஓரம், 55 சென்ட் வாங்கியிருக்கிறார். அகலம் 16 மீட்டர், நீளம் 140 மீட்டர். கடலை நோக்கி நீளும் மணல் நிலம். அதில் ஒரு மணல்மேடு, 34 பனை, கொஞ்சம் உடை மரம் (குடைவேல்), மிச்சமெல்லாம் சீமைக் கருவேல். ஓய்வு பெற்றபின் உம்மாவோடு அங்கே குடியிருக்க ஒரு 'டிராப்பிகல் வில்லா' வேண்டும். கடலைப் பார்த்து 20 அடிக் கண்ணாடிச் சுவர், கடலோடு கலப்பதுபோல் நீச்சல்குளம், புல்தரை, தென்னை வரிசை, முகப்பில் பவளக்கல், சுற்றிலும் மதில். வெளியூர் டிசைனர் வரைந்த படங்களும் இணைத்திருக்கிறார். பாலித் தீவும் இலங்கையும் கலந்த அழகான படங்கள். வேலைக்காக மேட்டைச் சமப்படுத்தி 11 பனையை எடுக்கவேண்டும் என்கிறார் டிசைனர். "பஞ்சாயத்து அப்ரூவல் போதும், 2019 சட்டத்துக்குப் பிறகு 50 மீட்டர் விட்டால் சரி" என்கிறார் தரகர். பிற்பாடு சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கும் விடலாம் என்று ஓர் எண்ணம். உம்மாவின் கருத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்: "கடலுக்கு மூஞ்சியைக் காட்டி எவன்டா வீடு கட்டுவான்? முதுகைக் காட்டுடா."

சகோதரரே, உங்கள் ஆசையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இயற்கையோடு சேர்ந்த வீடு வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் குறைவு. கேட்கும்போது மனசு நிறைகிறது. ஆனால் உங்கள் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவற்றில் இயற்கை இருக்கிறது, உங்கள் மனையின் இயற்கை இல்லை. படத்தில் இருக்கும் பச்சை, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மண்ணின் பச்சை. நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கிடைப்பது 800 மில்லிமீட்டரை ஒட்டி, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துபோகும். இதுவும் வெப்பமண்டலம்தான். முள்ளும் மணலும் பனையும் உப்புக்காற்றும் உள்ள வெப்பமண்டலம். இந்த ஒரு வித்தியாசத்தை ஒப்புக்கொண்டால் உங்கள் பாதிக் கேள்விகளுக்கு விடை தானே கிடைத்துவிடும்.

இலங்கைப் படங்களை அனுப்பியதால் ஒன்று சொல்கிறேன். அந்தப் பாணிக்கு மூலவர் ஜெஃப்ரி பாவா. பென்தோட்டைக்கு அருகே லுனுகங்கா என்ற தன் தோட்டத்தை 2003-ல் இறக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு செதுக்கிக்கொண்டே இருந்தார். அவரிடம் படிக்கவேண்டியது தாமரைத் தொட்டியையும் மூங்கில் திரையையும் அல்ல. இருக்கும் மரத்தைச் சுற்றி வீடு வளைந்து போனதை, கூரையை முதலில் யோசித்துச் சுவரைப் பிறகு யோசித்ததை, அறைக்கும் தோட்டத்துக்கும் நடுவே தாழ்வாரம் என்ற ஒரு மூன்றாவது இடத்தை வைத்ததைப் படிக்கவேண்டும். நம் மதுரையிலேயே 1970-களில் அவர் ஒரு கிளப் கட்டடம் வடிவமைத்திருக்கிறார். ஊருக்கு வரும்போது மதுரையில் இறங்கினால் அதைப் பார்க்க முயலுங்கள்.

முதலில் சட்டம், ஏனென்றால் அதில்தான் பணம் போகும்

நான் கட்டடக்கலைஞர், வழக்கறிஞர் அல்ல. ஆனாலும் இந்தக் கரையில் வேலை செய்பவர்கள் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை, அதாவது கடலோரத்தில் எங்கே எதைக் கட்டலாம் என்று சொல்லும் மத்திய அரசின் விதிகளை, தெரியாமல் ஒரு கோடும் போட முடியாது. அதில் 2011-ல் ஒன்று, 2019-ல் ஒன்று என இரண்டு உண்டு. உங்கள் தரகர் சொன்னதில் மூன்று தவறு.

கடலிலிருந்து கட்டாமல் விடவேண்டிய தூரம் 50 மீட்டர் என்பது 2019 அறிவிக்கையில் இருப்பது உண்மை. அது மக்கள்தொகை அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 2,161-ஐத் தாண்டும் ஊரகக் கரைகளுக்கு மட்டும், அதுவும் 2011 கணக்கெடுப்பின்படி. நம் மாவட்டத்தின் சராசரி அடர்த்தி அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் இடம் பனங்காடு; அங்கே 200 மீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, 2019 விதிகளின்படி திருத்திய கடலோர மேலாண்மை வரைபடம் ஒப்புதலாகும்வரை 2011 அறிவிக்கைதான் செல்லும் என்று 2019 அறிவிக்கையே சொல்கிறது. அதனால் உங்கள் முதல் கேள்வி "எத்தனை மீட்டர்?" என்று இருக்கக்கூடாது. "எந்த வரைபடம்?" என்று எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, எங்கிருந்து அளப்பது. தரகர் தண்ணீர் நின்ற இடத்திலிருந்து டேப் போட்டு உங்கள் மனையின் கடல்முனை 150 மீட்டர் என்றிருக்கிறார். சட்டம் அளப்பது உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் பெருகும்போது நீர் ஏறும் உச்ச எல்லையிலிருந்து. அது அன்றைக்கு அலை நின்ற இடமல்ல. மத்திய அரசு அங்கீகரித்த நிறுவனங்கள் குறித்துத் தரும் கோடு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. 1:4000 அளவில் உங்கள் சர்வே எண்ணைப் பொருத்தி வரைபடம் தருவார்கள். வற்று நேரத்தில் தண்ணீர் ஓரத்திலிருந்து அளந்திருந்தால் அந்த 150, சரியான கோட்டிலிருந்து 120 ஆகவும் சுருங்கலாம். அப்படியானால் 140 மீட்டர் நீளத்தில் முன்பக்கம் 80 மீட்டர் எந்தப் புதுக் கட்டுமானமும் கூடாத பகுதியில் விழும். மிஞ்சுவது பின்பக்கம் 60 மீட்டர், அதாவது 23 சென்ட் சொச்சம். உங்கள் டிசைனரின் நீச்சல்குளமும் கண்ணாடிச் சுவரும் அந்த முன் 80 மீட்டரில்தான் நிற்கின்றன.

மூன்றாவதுதான் கொஞ்சம் கசக்கும். அந்தக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்கும் 500 மீட்டருக்கும் நடுவே இருந்தால் வீடு கட்டலாம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 2011 அறிவிக்கையின் வாசகம் அப்படியே திறந்துவிடவில்லை. மீனவர் குடியிருப்பு, ஊர் நத்தம் போன்ற இடங்களில், பரம்பரை உரிமைக்கும் வழக்கமான பயன்பாட்டுக்கும் உட்பட்ட வீடுகளை அனுமதிக்கலாம் என்கிறது. 9 மீட்டர் உயரம், தரைத்தளமும் ஒரு மாடியும் வரம்பு. புஞ்சைப் பட்டாவில் வெளியிலிருந்து வந்து வாங்கியவரின் புது வீடு அதற்குள் வருமா என்பதை மாவட்ட, மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை அமைப்புகள்தான் சொல்லவேண்டும். பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்தால் அது தீராது. விண்ணப்பிப்பவரே சான்றளித்துக் கட்டட அனுமதி வாங்கும், 2024-ல் வந்த சுயசான்று முறையும் 2,500 சதுர அடிக்குட்பட்ட மனைக்குத்தான், உங்களுக்குப் பொருந்தாது.

வாடகை விஷயம்: இந்த 200-500 மீட்டர்ப் பட்டையில் தங்கும் விடுதி கட்ட 2011 அறிவிக்கை கேட்கும் குறைந்தபட்ச மனை 0.4 ஹெக்டேர், ஏறக்குறைய 99 சென்ட். உங்களிடம் 55. ரிசார்ட் எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

"எல்லாரும் கட்டியிருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை" என்று உங்களிடம் சொல்வார்கள். ஆலப்புழை மாவட்டத்தில் நெடியதுருத்துத் தீவில் கடலோர விதியை மீறிக் கட்டி முடித்த 54 வில்லாக்களை இடிக்கச் சொல்லி 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வாரம் கொச்சி மரடுவில் இதே காரணத்துக்காக அடுக்குமாடிகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கையிலும் உள்ளூர் அனுமதித் தாள் இருந்தது. 22 வருட உழைப்பை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே பட்டா, புலப்படம் (நில அளவைப் படம்), வில்லங்கச் சான்று, பிறகு அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் வரைபடம், பிறகு எழுத்துப்பூர்வமான பதில். இவ்வளவும் கைக்கு வந்தபின் டிசைனருக்கு அடுத்த தவணை கொடுங்கள்.

மணல்மேடு, பனை, பவளக்கல்

மேட்டைச் சமப்படுத்தக்கூடாது. அழகுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மணல்மேட்டைத் திருத்துவதை அறிவிக்கை நேராகவே தடுக்கிறது. சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், அந்த மேடுதான் உங்கள் வீட்டுக்கு முன்னால் கடல் கட்டிக்கொடுத்த மதில். 1964 டிசம்பர் 22 இரவு புயலும் கடலும் சேர்ந்து தனுஷ்கோடியை அழித்தது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். மேட்டின் மேல் படர்ந்திருக்கும் அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் களை அல்ல. மணலைப் பிடித்துவைத்திருப்பவை அவைதான். அடுத்தமுறை போகும்போது அடம்பின் ஒரு கொடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். கணுவுக்குக் கணு வேர் இறங்கி, ஒரு சாண் நகர்த்த முடியாதபடி மணலைத் தைத்திருக்கும். புல்தரை விரித்தால் இந்தத் தையல் போய்விடும், புல்லும் உப்பில் கருகும்.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. ஒரு பனை பாளை விடவே 12 ஆண்டுக்கு மேல் ஆகும்; உங்கள் 34-ம் உங்கள் வாப்பா காலத்தவையாக இருக்கும். அவற்றை எடுத்துவிட்டுத் தினமும் தண்ணீர் கேட்கும் தென்னையை வைப்பது எனக்குப் புரியவில்லை. வீட்டை 11 பனைக்கு நடுவே இரண்டு மூன்று சிறு கட்டுகளாகப் பிரித்து, தாழ்வாரத்தால் இணைத்துவிடலாம். 16 மீட்டர் அகலத்துக்கு அதுதான் பொருத்தமும்கூட. காய்ந்த மட்டையும் நுங்குக் குலையும் கூரைமேல் விழாத தூரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சீமைக் கருவேலை அகற்றுங்கள். ஒரே நாளில் பொக்லைன் விட்டு அல்ல, பட்டை பட்டையாக, அந்த இடத்தில் உடை, பூவரசு, புன்னை, வேம்பு பிடித்தபின்.

பவளக்கல் முகப்பை மறந்துவிடுங்கள். தனுஷ்கோடி தேவாலயத்தின் இடிபாடுகளைப் பார்த்து அந்த ஆசை வந்திருக்கும். அந்தக் காலத்தில் கடலிலிருந்து வெட்டி எடுத்தார்கள். கல் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. உங்கள் மனைக்கு எதிரே இருப்பது 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, 21 தீவுகள். "பழைய வீடு இடித்த கல்" என்று லாரியில் யாராவது கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள்.

கடலுக்கு முகமா, முதுகா?

உம்மா சொன்னதில் அனுபவம் இருக்கிறது. நம் கரை ஊர்களில் ஆண் கடல் என்று இந்தத் தென்கடலைத்தான் சொல்வோம். ஆனி தொடங்கிக் கச்சான் காற்று விழும்போது தென்மேற்கிலிருந்து மணலையும் உப்பையும் அள்ளிக்கொண்டு வந்து அறையும். அந்தக் காற்றில் 20 அடிக் கண்ணாடி ஒரே மாதத்தில் மங்கிவிடும். கழுவ நல்ல தண்ணீர் இல்லாத ஊரில் அதைத் தினம் யார் கழுவுவது?

ஆனாலும் முழுக்க முதுகைக் காட்டவும் வேண்டாம். நமக்கு இருக்கும் வசதி ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. சித்திரைப் பிறப்பு முதல் ஆவணி நடுவரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஆகவே கோடையில் தென்சுவரில் உச்சி வெயில் விழாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாயும்போதும் 2 மீட்டர் ஆழமுள்ள தாழ்வாரம் இருந்தால் 3 மீட்டர்ச் சுவர் நண்பகலில் நிழலிலேயே இருக்கும். கடல் பக்கம் உங்களுக்குச் சாதகமான பக்கம்தான். எதிரி மேற்கு. அந்தப் பக்கம் குளியலறை, சேமிப்பு அறை, தடித்த சுவர், சிறு சன்னல் என்று வையுங்கள். தெற்கே ஆழமான தாழ்வாரம். அதற்குள் மடக்குக் கதவு, காற்றை மட்டும் விடும் மரப்பலகை அடுக்குச் சன்னல். நடுவில் முற்றம். உங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் திண்ணையும் முற்றமும் ஏற்கெனவே இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. உம்மாவை அருகில் உட்காரவைத்து வரைபடத்தைக் காட்டுங்கள். எந்த மாதம் எந்தச் சன்னலை மூடவேண்டும் என்று அவர் சொல்வார்.

கூரை சரிவாக, நான்கு பக்கமும் இறங்குவதாக இருந்தால் புயலில் இரண்டு பக்கச் சரிவைவிட நன்றாகத் தாங்கும். தாழ்வாரக் கூரையை வீட்டுக் கூரையின் நீட்சியாகப் போடாமல் தனியாகப் போடச் சொல்லுங்கள். காற்று அடியில் புகுந்து தூக்கினால் தாழ்வாரம் மட்டும் போகும், வீடு நிற்கும்.

உப்பு

இதை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டும். பல வருடங்களுக்கு முன்பு, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வீட்டைப் பார்க்க என்னை அழைத்தார்கள். கட்டி ஏழு வருடம். வெளியே பெயின்ட் பளிச்சென்று இருந்தது. தாழ்வாரத்தின் பீமை விரல் கணுவால் தட்டினேன். பானையைத் தட்டியதுபோல் பொள்ளலாகச் சத்தம் வந்தது. கைப்பிடி அகலத்துக்குச் சிமெண்ட் பெயர்ந்து விழ, உள்ளே 12 மில்லிமீட்டர்க் கம்பி துரு ஊதி, அடுக்கடுக்காக உரிந்து, நடுவில் பென்சில் கனம்தான் மிச்சம். கம்பிக்கு வெளியே கான்கிரீட் அரை அங்குலம்கூட இல்லை. கம்பியைச் சுற்றி இடைவெளி விடவைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டை வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரரின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் 456 கடலோரச் சூழலுக்குக் குறைந்தது எம்-30 கான்கிரீட் (எண் கூடினால் வலுவும் கூடும்), கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கான்கிரீட் மூடாக்கு, கேட்கிறது. கடல் தூவானம் படும் இடத்துக்கு எம்-35, 50 மில்லிமீட்டர். உங்கள் எஸ்டிமேட்டில் எம்-20 என்று இருக்கிறது. திருப்பி அனுப்புங்கள். கலவைக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மனையில் தோண்டிய கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் ஒரு குடம்கூடக் கலவையில் சேரக்கூடாது. கரை மணலும் கூடாது. கான்கிரீட் போடும் நாளில் நீங்கள் துபாயில் இருந்தால், கம்பி கட்டியபின் கவர் பிளாக்கோடு அளவு டேப்பையும் சேர்த்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பார்த்தபின்தான் கலவை.

இன்னொரு வழி, கான்கிரீட்டையே குறைப்பது. செங்கல் சுவர், மேலே கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு, வைரம் பாய்ந்த பனஞ்சட்டத்தில் ஓட்டுக் கூரை. சுண்ணாம்பு மூச்சு விடும். உப்பு வெளியே பூத்து உதிரும், சில வருடத்துக்கு ஒருமுறை பூசிக்கொள்ளலாம். சிமெண்ட் பூச்சு அதை உள்ளே அடைத்துவைத்துச் செங்கல்லை அரிக்கவிடும். இதற்குப் பழகிய கொத்தனார் கிடைப்பது சிரமம்தான், கூலியும் கூடும். ஆணி, கீல், கைப்பிடிகள் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில் வேண்டாம், இரண்டு வருடத்தில் தேநீர் நிறத்தில் துருக் கறை பிடிக்கும். 316 ரகம் அல்லது பித்தளை.

தண்ணீரும் வழியும்

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழ நீச்சல்குளம் என்றால் 48,000 லிட்டர். அது எங்கிருந்து வரும்? மணலுக்கடியில் இருக்கும் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர்மேல் மிதக்கும் மெல்லிய படலம். கரையில் பெண்கள் ஊற்று தோண்டிச் சிரட்டையால் மொண்டு எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அவசரப்பட்டு மொண்டால் உப்பு ஏறிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். கணக்கும் அதையே சொல்கிறது: நன்னீர் மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால் அடியிலிருந்து உப்புநீர் 40 மீட்டர்வரை ஏறக்கூடும். கெட்டுப்போவது உங்கள் கிணறு மட்டுமல்ல, பக்கத்துக் குடியிருப்பின் ஊற்றும்தான். 2011 அறிவிக்கை 200-க்கும் 500-க்கும் நடுவே, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில், கையால் இறைக்கும் சாதாரணக் கிணற்றைத்தான் ஒப்புக்கொள்கிறது. போர் போட்டுக் குளம் நிரப்ப வழியில்லை. அதற்குப் பதில் கூரையைக் கணக்குப் பாருங்கள்: 150 சதுர மீட்டர்ச் சரிவுக் கூரையில் 800 மில்லிமீட்டர் மழையில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலே 96,000 லிட்டர். குளத்துக்கு ஒதுக்கிய பணத்தில் மூடிய மழைநீர்த் தொட்டி கட்டலாம், ஆண்டு முழுக்கக் குடிக்கவும் சமைக்கவும் ஆகும். செப்டிக் டேங்க் அடி திறந்ததாக இருக்கக்கூடாது. மணலில் அது நேரே ஊற்றுக்குப் போய்விடும்.

கடைசியாக மதில். கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "மேற்கு ஓரமாகப் பாசி எடுக்கப் போகும் பெண்கள் நடக்கிறார்கள், அதை அடைத்துவிடலாம் அல்லவா?" அடைக்காதீர்கள். நெடுங்காலம் தடையின்றி நடந்த வழிக்கு 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் இடமிருக்கிறது. 20 ஆண்டுப் பயன்பாட்டைக் காட்டினால் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நிற்கும் வாய்ப்பு அதிகம். இதை ஒரு வழக்கறிஞரிடம் தனியாகக் கேளுங்கள். உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் மாவட்டக் குழுவிலும் கடலோரச் சமூகத்தின் பிரதிநிதிகள் இருப்பார்கள். ஆனால் நான் சொல்ல வருவது அதைவிட எளிது. முட்டளவு கடல் தண்ணீரில் நாள் முழுக்க நின்று, நனைந்த சாக்கைத் தலையில் தூக்கி வருபவர்கள் அவர்கள். மேற்கு ஓரத்தில் ஆறடி விட்டு, உடை மர உயிர்வேலி வைத்தால் போதும். அவர்களுக்கு வழி, உங்களுக்கு மேற்கு வெயிலுக்கு மறைப்பு. கடல் பக்க விளக்குகளைத் தாழ்வாக, மஞ்சளாக, மறைப்போடு வையுங்கள். தை முதல் பங்குனிவரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும் கரை இது. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிவிடும்.

அடுத்த விடுமுறையை ஆடியில் போடுங்கள். டிசைனரையும் அழைத்துக்கொண்டு, மதியம் இரண்டு மணிக்கு, கச்சான் அடிக்கும்போது மனையில் நில்லுங்கள். எந்த இடத்தில் மணல் முகத்தில் அடிக்கிறது, எந்த உடை மரத்தடியில் உட்கார முடிகிறது என்று குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பையும் கடலோர வரைபடத்தையும் எனக்கு அனுப்புங்கள். வீடு எங்கே நிற்கலாம் என்று அதை வைத்துப் பேசுவோம்.